மாப்பிள்ளை கேட்ட சாஃப்ட்வேருக்கு மாமனார் பார்த்த வில்லங்கம்

மூலக்குளம்,
புதுச்சேரி.
நவம்பர் 2007

பிரான்ஸ் தேசத்துச் சார்செல் நகரில் வசிக்கும் மரியாதைக்குரிய மாப்பிள்ளை விஜயராகவன் அவர்களுக்கு, மாமனார் ஆதிமூலம் ஆசியுடன் எழுதிக்கொள்வது. இவ்விடம் யாவரும் சுகம் என்று எழுதத்தான் கை போனது. ஆனால் இவ்விடத்தில் இருப்பது நான் ஒருவன். ஒருவனை யாவரும் என்று எழுதினால் பத்திரத்தில் நிற்காது. ஆகவே இவ்விடம் ஒருவன் சுகம். அவ்விடம் தாங்களும், மகள் கவிநிலாவும், பேரன் செம்மலும், பேரனைப் பார்த்துக்கொள்ள வந்து அங்கேயே தங்கிவிட்ட என் வீட்டுக்காரி அமுதவல்லியும் சுகமாக இருக்க மணக்குள விநாயகர் அருள வேண்டும்.

போன மாதம் போனில் தாங்கள் என்னிடம் இரண்டு விஷயம் கேட்டீர்கள். ஒன்று, நாடகங்களுக்குச் சத்தம் சேர்க்கும் உங்கள் தொழிலுக்காக, புதிதாக வந்திருக்கும் அந்த கிரானுலர் சிந்தசைசர் பிளக்-இன் என்கிற சத்த சாஃப்ட்வேரை வாங்கலாமா வேண்டாமா என்று பார்த்துச் சொல்வது. ‘என் பழைய கம்ப்யூட்டர் உங்ககிட்டதான இருக்கு மாமா, டெமோ சிடி அனுப்புறேன், போட்டுப் பாருங்க. லைசென்ஸையும் படிச்சுடுங்க, நீங்கதான் பத்திரம் படிச்ச ஆளு’ என்றீர்கள். இரண்டு, குழந்தையைக் கிரெஷ் என்கிற காப்பகத்தில் சேர்க்கும்வரை அத்தை இன்னும் ஆறு மாதம் அங்கேயே இருக்கட்டுமா, இல்லாவிட்டால் கவிநிலா வேலையை விடவேண்டிவரும் என்பது. இரண்டுக்கும் சேர்த்து ‘பார்க்கிறேன் மாப்பிள்ளை’ என்று ஒரே பதில் சொன்னேன். விரிவான பதில் இதோ. இரண்டாவது விஷயம் சின்ன விஷயம், ஆகவே அதைக் கடைசியில் எழுதுகிறேன்.

முதலில் என் தகுதி. முப்பது வருடத்துக்கு மேல் பத்திரம் எழுதிப் பதிகிற நொத்தேர் ஆபீசில் குமாஸ்தாவாக இருந்து, பிரெஞ்சிலும் தமிழிலும் கிரயம், அடமானம், தானம், பாகப்பிரிவினை என்று எழுதித் தள்ளியவன். லைசென்ஸ் பற்றி நான் சொல்வதை முழுதாக நம்பலாம். சத்தத்தைப் பற்றிச் சொல்வதில் பாதியைத்தான் நம்பலாம். இடது காதில் ஆபரேஷன் ஆனது உங்களுக்கே தெரியும். விமானம் ஏறக்கூடாது என்று டாக்டர் சொன்னதும் அந்தக் காதால்தான், இல்லையென்றால் நானும் அங்கே வந்து உங்கள் சோபாவில் ஒரு மூலையில் உட்கார்ந்திருப்பேன். ஸ்டீரியோவில் இடது பக்கம் எப்படி இருக்கிறது என்று என்னைக் கேட்காதீர்கள். வலது பக்கம் நன்றாக இருக்கிறது.

சிடி வந்தது, போட்டேன். உடனே திரையில் நீளமாக ஒரு ஒப்பந்தம், அதன் கீழே ‘சம்மதிக்கிறேன்’ என்று ஒரு பொத்தான். இதைப் படிக்காமலே எல்லோரும் அழுத்திவிடுகிறார்களாம். சாட்சி இல்லாமல் சம்மதம் கொடுப்பது என் சர்வீசிலேயே கிடையாது. ஆகவே மாடியில் குடியிருக்கும் காத்தவராயனையும் பக்கத்து வீட்டு அஞ்சலாட்சியையும் கூப்பிட்டு உட்காரவைத்தேன். காத்தவராயன் மில்லில் ஃபிட்டராக இருந்து, மில் மூடியபின் வயரிங் வேலைக்குப் போகிறவர். எங்கே என்ன சத்தம் கேட்டாலும் ஸ்பேனரோடு வந்து நிற்பார். அஞ்சலாட்சி பூக்கட்டி விற்கிறவள். எந்த வீட்டில் அழுகைச் சத்தம் கேட்டாலும் முதல் ஆளாகப் போய் நிற்பாள். இந்த இரண்டு குணமும் பின்னால் எனக்கு வினையாக முடிந்தன. ஒப்பந்தத்தின் பிரெஞ்சுப் பிரதியை வரிவரியாகத் தமிழில் சொல்லிக்கொண்டு வந்தேன். ‘சாஃப்ட்வேர் உள்ளது உள்ளபடி தரப்படுகிறது, பழுதுக்குக் கம்பெனி பொறுப்பல்ல’ என்ற இடம் வந்ததும் காத்தவராயன், ‘அப்ப கேரண்டி இல்லியா சார்? கேரண்டி இல்லாத சாமான இன்னாத்துக்கு வாங்குறாரு உங்க மாப்ள?’ என்று எழுந்தேவிட்டார். அவரை உட்காரவைப்பதற்குள் அஞ்சலாட்சி, ‘நாளைக்கு கோர்ட்டு கேசுன்னா என்னியும் பிரான்சுக்கு இழுப்பாங்களாண்ணே?’ என்றாள். கொஞ்சம் யோசித்து, ‘இழுத்தா இழுக்கட்டும், அப்படியே அக்காவப் பாத்துட்டு வந்துடறேன்’ என்று அவளே சொல்லிக்கொண்டாள், அக்கா என்றது அமுதவல்லியை. பாதியில் மழை பிடித்துக் கரண்ட் போய், சாட்சிகள் டீ குடிக்கப் போய், திரும்பி வந்ததும் முதல் வரியிலிருந்து மறுபடி ஆரம்பித்தேன். கடைசியில் இருவரும் ஒரு வெள்ளைத்தாளில் கையெழுத்துப் போட்டபின்தான் பொத்தானை அழுத்தினேன். தாளை இத்துடன் இணைத்திருக்கிறேன், கம்பெனி கேட்டால் கொடுங்கள்.

படித்ததில் தெரிந்தது இது. இது கிரயம் அல்ல. நீங்கள் கொடுக்கும் காசுக்கு அவர்கள் தருவது அனுபவ பாத்தியதை மட்டும். விற்க, அடமானம் வைக்க, வாடகைக்கு விட, தானம் கொடுக்க உங்களுக்கு அதிகாரமில்லை. வாரிசுகளைப் பற்றி ஒரு வரிகூட இல்லை. உங்கள் காலத்துக்குப் பிறகு செம்மலுக்கு வருமா என்று கேட்டால் நான் கையை விரிக்கத்தான் வேண்டும். அனுபவிப்பதிலும் இரண்டு வழி வைத்திருக்கிறார்கள். ஒன்று, டாங்கிள் என்கிற சாவி. பார்க்க பென் டிரைவ் மாதிரி இருக்கும். எந்தக் கம்ப்யூட்டரில் செருகுகிறீர்களோ அங்கே வேலை செய்யும். தொலைத்தால் மறுபடி வாங்க வேண்டியதுதான். மற்றது, உங்கள் கம்ப்யூட்டரின் நம்பரை அவர்களுக்கு அனுப்பி, பதிலுக்கு ஒரு நம்பர் வாங்கிப் போடுவது. அது வீட்டோடு சேர்ந்த கிணறு மாதிரி, அந்தக் கம்ப்யூட்டரை விட்டு நகராது. ஆனால் இந்த முறையில் ஒருவரே இரண்டு கம்ப்யூட்டரில் போட்டுக்கொள்ளலாம் என்று ஒரு ஷரத்து இருக்கிறது. அந்த இரண்டாவது கம்ப்யூட்டர் எந்த ஊரில் இருக்கவேண்டும் என்று ஷரத்தில் இல்லை. அதைப் பல முறை படித்துப் பார்த்து உறுதி செய்துகொண்டேன்.

பெரிய வில்லங்கம் ஃபார்மட்டில்தான். இப்போது வந்திருப்பது விண்டோசில் ஓடும் விஎஸ்டி மட்டும். உங்கள் புது மேக்குக்கு வேண்டிய ஏயூ என்கிற ஃபார்மட் ‘விரைவில்’ வரும் என்று அட்டையில் போட்டிருக்கிறான். விரைவில் என்றால் என்றைக்கு? தேதி போடாத வாக்குறுதி செல்லாது மாப்பிள்ளை. மூன்று மாதத்தில் வந்துவிடுகிறேன் என்று கணக்காகச் சொல்லிவிட்டுப் போகிறவர்களே வராத காலம் இது. நான் யாரையும் குறிப்பிட்டுச் சொல்லவில்லை.

இனி சத்தம். இந்த பிளக்-இன் ஒரு சத்தத்தை எடுத்து ரவை ரவையாக உடைக்கிறது. கிரெயின் என்று இவர்கள் சொல்வது அந்த ரவையைத்தான். பிறகு அதை நெருக்கமாகவோ கலைத்தோ தூவுகிறது. வேண்டுமானால் ஒரே ரவையைத் திரும்பத் திரும்பப் போடுகிறது. ஒரு வினாடிச் சத்தத்தை ஒரு மணி நேரத்துக்கு இழுக்கலாம், சுருதி இறங்காது. டேப்ரிக்கார்டரில் பேட்டரி தீர்ந்தால் பெண்குரல் ஆண்குரலாகுமே, அந்த அசிங்கம் இதில் இல்லை. ஃப்ரீஸ் என்று ஒரு பொத்தான், அழுத்தினால் அந்தக் கணத்திலேயே சத்தம் நின்று நீண்டுகொண்டே இருக்கும். மாதிரிக்கு ஒரு திமிங்கிலத்தின் குரலை வைத்திருந்தார்கள். இழுத்துப் பார்த்தேன், காலையில் சாப்பிடாத என் வயிறு மாதிரியே கேட்டது. வேறு ஏதாவது கிடைக்குமா என்று உங்கள் பழைய ஃபோல்டர்களைத் துழாவியபோது, போன தடவை வந்திருந்தபோது மைக் வேலை செய்கிறதா என்று நீங்கள் பதிந்து பார்த்த சின்ன ஃபைல் ஒன்று அகப்பட்டது. முதலில் ‘ஒன், டூ, த்ரீ’ என்று நீங்கள். பிறகு கதவுச் சத்தம். பிறகு அவள். ‘ஏங்க, காப்பி ஆறுது.’ அத்தோடு பதிவு முடிகிறது.

மாப்பிள்ளை, இது தொழில் முறையில் எழுதும் ரிப்போர்ட். ஆனாலும் சொல்லிவிடுகிறேன். அதைக் கேட்டதும் நான் எழுந்து காப்பி எடுக்கச் சமையலறைக்குப் போய்விட்டேன். அடுப்பு மேடைவரை போய், அங்கே ஒன்றும் இல்லை என்று பார்த்தபின்தான் புத்தி வந்தது.

திரும்பி வந்து, ‘ஆறுது’ என்பதில் இருக்கும் ‘ஆ’வின்மேல் ஃப்ரீஸைப் போட்டு, ஸ்பீக்கரைத் தாராளமாக வைத்து, நாற்காலியில் சாய்ந்தேன். வீடு முழுக்க அந்த ஒரு எழுத்து. குரல் மாதிரியும் இருக்கிறது, இல்லாத மாதிரியும் இருக்கிறது, ஆனால் அவள்தான், சந்தேகமில்லை. அந்த நேரம் பார்த்துக் காத்தவராயன் மாடிப்படியில் தடதடவென்று இறங்கி, ‘சார், மோட்டார் பேரிங் போச்சு! காதுல விழல?’ என்று கத்திக்கொண்டே பின்பக்கம் ஓடினார். அது மோட்டார் இல்லை, என் வீட்டுக்காரி என்று எப்படிச் சொல்வது என யோசிப்பதற்குள் தண்ணீர் மோட்டாரைக் கழற்றிவிட்டார். சத்தம் நிற்கவில்லை. கழற்றிய மோட்டாரைக் கைக்குழந்தை மாதிரி ஏந்திக்கொண்டு கூடத்தில் வந்து நின்று, ‘பேரிங் ரொம்ப மோசம் சார், கழட்டியும் கத்துது’ என்றார். விளக்கிச் சொன்னேன், புரிந்துகொண்டார். ஆனால் கழற்றியதுதான் கழற்றினோம், ஒரு சர்வீஸ் செய்துவிடலாம் என்று உட்கார்ந்ததில் ஒரு வாஷர் உருண்டு சாக்கடைக்குள் போய்விட்டது. அன்றிலிருந்து மோட்டார் கூடத்தில் இருக்கிறது, தண்ணீர் தெருக்குழாயில் இருக்கிறது.

டெமோ என்பதால் அவ்வப்போது குரலை நிறுத்தி ‘உஸ்’ என்று ஓர் இரைச்சல் போடுகிறது. அவள் என்னிடம் அலுத்துக்கொள்வது மாதிரியே இருப்பதால் இதைக் குறையாக எழுத மனம் வரவில்லை. நிஜமான குறை, டெமோவில் செய்ததைச் சேமிக்க முடியாது. பல நாள் உட்கார்ந்து, ரவையின் அளவையும் நெருக்கத்தையும் கொஞ்சம் கொஞ்சமாகத் திருப்பி, அவள் பின்கட்டிலிருந்து கூப்பிடுகிற தூரத்தில் அந்தக் குரலைக் கொண்டுவந்து வைத்தேன். கிட்டவும் இல்லை, எட்டவும் இல்லை, பாத்திரம் கழுவிக்கொண்டே கூப்பிடும் தூரம். கம்ப்யூட்டரை அணைக்காமலே வைத்திருந்தேன். கரண்ட் போனது, அதோடு அதுவும் போனது. மறுபடி அந்த இடத்தைப் பிடிக்க என்னால் முடியவில்லை.

அவள் இல்லாமல் நான் ஏதோ திண்டாடுகிறேன் என்று நினைத்துவிடாதீர்கள். எல்லாம் பழகிவிட்டது. கொசுவலை கட்டத்தான் இரண்டு பேர் வேண்டும். ஒரு மூலையைக் கட்டிவிட்டு மறு மூலைக்குப் போவதற்குள் முதல் மூலை அவிழ்ந்துவிடுகிறது. கொசு கடித்தால் என்ன, செத்தா போகிறோம்? சாயங்காலம் அவள் பார்க்கும் டிவி தொடரை நான் பார்க்கிறேன். எனக்கு அது பிடிக்காது. ஞாயிற்றுக்கிழமை போனில் அவளுக்குக் கதை சொல்ல வேண்டுமே என்று பார்க்கிறேன். ஆனால் ஞாயிற்றுக்கிழமை போனில் நீங்கள் ஒரு வார்த்தை, கவிநிலா ஒரு வார்த்தை, செம்மல் ஒரு அழுகை, கடைசியில் அவள் வந்து ‘சாப்ட்டீங்களா?’ என்று கேட்பதற்குள் போன் கார்டு தீர்ந்துவிடுகிறது. அந்தத் தொடரில் மாமியாருக்கும் மருமகளுக்கும் நடந்த அத்தனை சண்டையும் என் வயிற்றுக்குள் தேங்கிக் கிடக்கிறது.

புதன்கிழமை மதியம் நான் உங்கள் வீட்டுக்குச் செய்த போனுக்கு விளக்கம் கேட்டீர்களாம். சாம்பாருக்கு வெங்காயம் உரித்துக்கொண்டே குரலை ஓடவிட்டிருந்தேன். எனக்குத் தண்ணீர் கொண்டுவந்த அஞ்சலாட்சி வாசற்படியில் நின்றாள். உள்ளே அக்காவின் குரல் முனகுகிறது. எதிரே நான், கண்ணிலிருந்து தாரைதாரையாகத் தண்ணீர். குடத்தைப் போட்டுவிட்டு, ‘அய்யோ யக்கா, கண்காணாத சீமையில போயி உசுர உட்டுட்டியே’ என்று ஆரம்பித்தாள். தெருப் பெண்கள் கூடிவிட்டார்கள். கூடத்தில் மோட்டாரைச் சுற்றி வட்டமாக உட்கார்ந்து மாரடித்தார்கள். பூக்காரி வீட்டில் மாலைக்கா பஞ்சம்? சுவரில் இருந்த எங்கள் கல்யாணப் போட்டோவில் அமுதவல்லி பக்கமாகப் போட்டார்கள், அது நழுவி என் பக்கம் விழுந்தது. ‘இது பிளக்-இன், வெறும் பிளக்-இன்’ என்று நான் கத்தியதை, ‘பாவம், துக்கத்துல இன்னாமோ பெனாத்துது’ என்று ஒருத்தி இன்னொருத்திக்கு விளக்கினாள். வேறு வழியில்லாமல் உங்கள் வீட்டுக்குப் போன் போட்டு ஸ்பீக்கரில் விட்டேன். அமுதவல்லியே எடுத்தாள்.

‘யக்கா, உசுரோடதான் இருக்கியா?’ என்றாள் அஞ்சலாட்சி.

‘நான் இன்னாத்துக்குடி சாவணும்? அடுப்புல பால் வச்சிருக்கேன், சீக்கிரம் சொல்லு.’

கூடமே சிரித்தது. அஞ்சலாட்சி மூக்கைச் சிந்திக்கொண்டு, ‘எப்பக்கா வருவ?’ என்று கேட்டாள்.

‘அத அவரத்தான் கேக்கணும்’ என்றாள். பால் பொங்குகிறது என்று வைத்துவிட்டாள்.

எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். நான் வெங்காயத்தைப் பார்த்தேன். வர ஆசை இருந்தால் வருகிறேன் என்று சொல்லியிருப்பாள். அவள் வாய் மூடி இருக்கிற ஜாதி இல்லை, உங்களுக்கே தெரியும். என்னைக் கைகாட்டிவிட்டாள் என்றால், இருக்க ஆசை, அதைத் தன் வாயால் சொல்லக் கூச்சம், அவ்வளவுதான். அங்கே பேரன் இருக்கிறான், மகள் இருக்கிறாள், குளிருக்கு ஹீட்டர் இருக்கிறது. இங்கே நான் இருக்கிறேன். இதில் தராசு வைத்து நிறுக்க ஒன்றுமில்லை.

ஆகவே என் ரிப்போர்ட்டின் முடிவு. டெமோவின் தவணை நேற்றோடு தீர்ந்துவிட்டது. திறந்தால், காசு கட்டினாயா என்று கேட்டுவிட்டுத் தானே மூடிக்கொள்கிறது. அந்தக் கோபத்தில் ‘உடனடியாக வாங்கவும்’ என்று ஒரு பக்கம் எழுதி, பிறகு கிழித்துப் போட்டேன். நேர்மையாகச் சொன்னால், உங்கள் மேக்குக்கு ஏயூ வரும்வரை வாங்காதீர்கள். வந்தபின் டாங்கிள் முறையில் வாங்குங்கள், நாடகத்தோடு ஊர் ஊராகப் போகிற உங்களுக்கு அதுதான் தோது. நேர்மையைக் கொஞ்சம் ஓரமாக வைத்துவிட்டுச் சொன்னால், நம்பர் முறையில் இப்போதே வாங்கி, இரண்டாவது கம்ப்யூட்டருக்கு உண்டான நம்பரை மூலக்குளத்துக்கு அனுப்பினால் எனக்கு அந்த ‘ஆ’வாவது இருக்கும். கூச்சமாகத்தான் இருக்கிறது, ஆனாலும் எழுதிவிட்டேன்.

இரண்டாவது விஷயம். என் மனைவி அமுதவல்லி தங்கள் வீட்டில் இன்னும் ஆறு மாதம் இருந்து பேரனைப் பார்த்துக்கொள்வதில் எனக்குப் பூரண சம்மதம், எந்த ஆட்சேபணையும் இல்லை. கவிநிலா நிம்மதியாக வேலைக்குப் போகட்டும். நான் நன்றாக இருக்கிறேன்.

பேரனுக்கு முத்தம். மகளுக்கு ஆசி. தாங்கள் குளிரில் காதை மூடிக்கொண்டு வெளியே போகவும். காது போனால் என்ன ஆகும் என்பதற்கு நானே உதாரணம். காத்தவராயனும் அஞ்சலாட்சியும் விசாரித்ததாகச் சொல்லச் சொன்னார்கள். அமுதவல்லிக்கு என்ன எழுதுவது என்று தெரியவில்லை, விசாரித்ததாகச் சொல்லவும்.

இப்படிக்கு,
தங்கள் அன்புள்ள மாமனார்,
ஆதிமூலம்

பி.கு.: மேற்படி கடிதத்தை ஒட்டி, ஸ்டாம்பும் ஒட்டியபின், கவரைக் கிழித்துப் பிரித்து இதை எழுதுகிறேன். அமுதவல்லி இன்னும் ஆறு மாதம் அங்கே இருக்க நான் மேலே கொடுத்த சம்மதத்தை இதன்மூலம் ரத்து செய்கிறேன். பிளக்-இன் வாங்குவதும் வாங்காததும் உங்கள் இஷ்டம், எனக்கு நம்பர் எதுவும் வேண்டாம். டிக்கெட் போட்டு அவளை அனுப்பிவையுங்கள். கவிநிலாவுக்குக் கஷ்டம்தான், தெரியும். தெரிந்தேதான் கேட்கிறேன்.

என் மனம் மாறியதற்கும் அவளுக்கும் எந்தச் சம்பந்தமும் இல்லை. இன்று மத்தியானம் அவள் எனக்குப் போன் செய்யவில்லை. ரொட்டி வாங்கிவருகிறேன் என்று வீட்டில் சொல்லிவிட்டு, செம்மலைத் தள்ளுவண்டியில் வைத்துத் தள்ளிக்கொண்டு, கடைக்குப் பக்கத்து டெலிபோன் பூத்துக்குள் வண்டி நுழையாமல் ஒரு கையால் கதவைப் பிடித்தபடி நின்று அவள் பேசவில்லை. ‘சரின்னு எழுதிட்டீங்களா? எழுதாதீங்க. பொண்ணு மூஞ்சியப் பாத்து என்னால சொல்ல முடியல. நீங்களாக் கூப்புடுற மாதிரி கூப்புடுங்க, வந்துடறேன்’ என்று சொல்லவில்லை. ‘எனக்கு மட்டும் இங்க இருப்புக் கொள்ளுதுன்னு நெனைச்சீங்களா?’ என்று கேட்டுவிட்டு அழவும் இல்லை.

இதை நான் எவருடைய தூண்டுதலும் வற்புறுத்தலும் இல்லாமல், சுயபுத்தியோடு, முழு மனதோடு எழுதிக் கையெழுத்திடுகிறேன். கவிநிலா கேட்டால், மாமா தானாகத்தான் கூப்பிட்டார் என்று சொல்லிவிடுங்கள் மாப்பிள்ளை. அது பொய்யும் இல்லை.